ரெண்டு முழு, ஒரு அரை

கடலைப் பார்த்துக் கட்டிய புதுச்சேரியில், கப்பல் வைத்திருந்த ஒருவர் வாழ்ந்து முடித்துப் போன வீட்டை மியூசியமாக்கி வைத்திருக்கும் தெருவில், டிக்கெட் கிழிக்கிற மதலேன் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒருமுறை பார்த்தார், இரண்டு வெள்ளைச் சீட்டும் ஒரு மஞ்சள் சீட்டும் கிழித்தார், "ரெண்டு முழு, ஒரு அரை" என்று சன்னல் வழியாக நீட்டினார். கைக்குழந்தைக்குமா டிக்கெட் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கைக்குழந்தைக்கு எங்கேயும் கிடையாது, நடக்கிற பிள்ளைக்குத்தான் என்று சொல்லிவிட்டு அவர் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களை வரச் சொன்னார். எங்களிடம் இருந்தது ஒரே பிள்ளை, ஜோவின், ஒன்பது மாதம், என் தோளில் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தான். வரிசை நெருக்கியதால் மஞ்சள் சீட்டைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லாமல் என் வீட்டுக்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் தூத்துக்குடியிலிருந்து மூன்று நாள் பயணமாக வந்திருந்தோம். என் வீட்டுக்காரர் ரெமிக்குத் துறைமுகத்தில் வேலை, பேச்சு குறைவு, ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போகிற வேகத்தில் ஓட்டுகிறவர் என்று துறைமுகத்தில் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்வார்கள், சைக்கிளில் போகிற மீன்காரி முந்திப் போகிறாளே என்று நானும் செய்திருக்கிறேன். அவர்தான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மியூசியம், படக்கூடம், மீன் சாப்பாடு, ரொட்டிக்கடை, கடற்கரை என்று எழுதி, லீவு போட்டு, எனக்காக இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார். ஜோவின் பிறந்த நாளிலிருந்து நான் அவன் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், சோறு வடிக்கையில் பாதியில் சட்டியை வைத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன், பூசையில் நற்கருணை வாங்கப் போகையில் வரிசையிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். அவன் யாருமில்லாத பக்கமாகப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன், தொட்டில் கயிற்றில் கோயிலில் மந்திரித்த உத்தரியத்தைக் காவலுக்குக் கட்டி வைத்தேன், அதற்குப் பிறகும் அவன் அதே பக்கம் பார்த்து அதே மாதிரி சிரித்தான். ஊர் மாறினால் மனசு கொஞ்சம் மாறும், கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டரம்மா ரெமியிடம் சொன்னார்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்தது, அழவில்லை. பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு உடுப்புத் தைக்கக் கூடாது என்று தெருவே சொன்னபோது, கான்வென்டில் படித்த திமிரில் நான் கேட்காமல், வெள்ளைக் காலர் வைத்துப் பச்சைக் கவுன் ஒன்று தைத்து முடித்திருந்தேன், அதைப் போட்டுத்தான் அவளை எடுத்துப் போனார்கள். (ஜோவினுக்குப் பதினாறாம் நாள் வரை ஒரு துண்டுத் துணியும் நான் தைக்கவில்லை, ரெமியின் பழைய வேட்டியில்தான் கிடந்தான்.) ஞானஸ்நானம் பெறாததால் பேர் இல்லை, பேர் இல்லாததால் கோயில் புத்தகத்தில் வரி இல்லை, உபதேசியார் புத்தகத்தை மெதுவாக மூடினார், கல்லறைத் தோட்டத்தின் மதிலோரமாக இடம் காட்டினார். ஆறாம் வகுப்பில் சிஸ்டர் செராபினா கரும்பலகையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகள் இங்கே இருப்பார்கள், இங்கே வலி கிடையாது, ஆனால் கடவுளின் முகம் தெரியாது என்று சொல்லியிருந்தார். அது பழைய பாடம், இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். வட்டம் எனக்குள் அழியவில்லை. ரெமி அந்தப் பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை, ஐந்து வருஷம் அப்படிப் போயிற்று.

மியூசியத்தின் கீழ் அறையில் உடைந்த கப்பல் ஒன்றின் வெண்கல மணி தொங்கிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற அமிர்தலிங்கம் அண்ணன், நரைத்த மீசை, காக்கிச் சட்டை, என் இடுப்பு உயரத்துக்குக் குனிந்து, "பாப்பா, மணியத் தொடக்கூடாது, கண்ணால பாக்கணும்" என்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்து, கூச்ச சுபாவம் போலிருக்கிறதே, உங்கள் புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டது என்று சொல்லிச் சிரித்தார். ஜோவின் என் புடவை மடிப்பைப் பார்த்து அவனுடைய சிரிப்பைச் சிரித்தான்.

மத்தியானம் மீன் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற காசிம் பாய் மூன்று இலை போட்டார், பின்கட்டிலிருந்து சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு சின்ன நாற்காலி கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார், மூன்றாவது இலையில் முள் எடுத்த மீனும் பருப்பும் வைத்து, பொரித்த அப்பளத்தை நான்காக உடைத்து ஓரத்தில் அடுக்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் அந்த நாற்காலியைத் தாண்டும்போது எல்லோரும் குழந்தைகளை இடிக்காமல் தாண்டுவது போல ஒதுங்கித் தாண்டினார்கள். ரெமிதான் கடைசியில், இலையைப் பார்த்தபடி, சத்தமே வராத குரலில், பிள்ளை என்ன உடுப்புப் போட்டிருக்கிறது என்று கேட்டார்.

"பச்சைக் கவுன்" என்றார் காசிம் பாய். "காலர் வெள்ளை."

கவுனும் வளர்ந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் நினைக்கத் தோன்றவில்லை. இலையில் அப்பளம் இரண்டு துண்டு குறைந்திருந்தது.

அந்த ஊரில் அப்படித்தான். எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை, ஏன் என்று கேட்டால் கடற்காற்று என்றார்கள், வேறு சிலர் இங்கே தெருக்கள் நேராக இருப்பதால் யாரும் யாருக்கும் மறைவதில்லை என்றார்கள், மதலேன் அம்மா தன் அம்மா காலத்திலேயே மஞ்சள் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்தார்கள் என்றார். கையிலிருந்து போன பிள்ளைகள் எங்கேயும் போய்விடுவதில்லை, பெற்றவர்கள் பின்னாலேயே நடந்து வயது ஏறிக்கொண்டிருக்கிறார்கள், மற்ற ஊர்க்காரர்களுக்கு அது தெரிவதில்லை, இந்த ஊரில் காலடி வைத்தால் எல்லோருக்கும் தெரிகிறது, பெற்ற இரண்டு பேருக்கு மட்டும் இங்கேயும் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதற்கு ஏற்றபடி ஊர் தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடைகளில் சின்ன நாற்காலிகள் இருந்தன, ரொட்டிக்கடையில் உயரம் எட்டாத பிள்ளைகளுக்குக் கல்லாவின் கீழே ஒரு பலகை இருந்தது, கடற்கரைச் சாலையில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஆளில்லாத இடத்தில் கை காட்டி வண்டியை நிறுத்தினால் வண்டிக்காரர்கள் ஆரன் அடிக்காமல் காத்திருந்தார்கள். எப்படிப் போயிற்று என்று பெற்றவர்களிடம் கேட்பதில்லை. என்ன உடுத்தியிருக்கிறது, என்ன தின்கிறது, என்ன குறும்பு செய்கிறது என்று கேட்டால் சொல்வார்கள். முகத்தை மட்டும் சொல்லமாட்டார்கள்.

முகத்தைச் சொல்லக் கேட்டவர்கள் ஊர் திரும்புவதில்லை என்பதுதான் காரணம். கடற்கரைக்குப் போகிற வழியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கும் சேலத்துக்காரர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வந்தவராம், யாரோ வெளியூர்க்காரி இரக்கப்பட்டு மகனின் முகத்தைச் சொல்லிவிட, அன்றிலிருந்து காலையில் ஒருவர் மாலையில் ஒருவர் என்று பிடித்து வைத்து இன்றைக்கு எப்படி இருக்கிறான், இன்றைக்கு எப்படி இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார், சேலத்தில் மனைவி காத்திருந்து காத்திருந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பையனுக்கு இப்போது பதினாறு வயது, மீசை அரும்பிவிட்டது, அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கடைக்கு எதிர்ச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகிற பெண்பிள்ளைகளைப் பார்க்கிறான் என்று காசிம் பாய் சொன்னார்.

இரண்டாம் நாள் படக்கூடம். மஞ்சள் சுவரும் உயரமான சன்னல்களுமாக இருந்த அந்தக் கூடத்தில் படகே இல்லாத கடல் படம் ஒன்றின் முன்னால் எங்கள் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள் என்று காவலுக்கு நின்ற பெண் சொன்னாள், தரை சில்லென்று இருக்கும் என்று ஒரு மெத்தையும் எடுத்துவந்து போட்டாள், நாங்கள் அந்த மெத்தையின் இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் நின்றோம். இடது காலை இழுத்து நடக்கிறாள் என்றும் அந்தப் பெண் சொன்னாள், வலியா என்று கேட்டேன். வலியில்லை, செருப்பு பெரிது, பெரியவர்களுடைய நீல ரப்பர் செருப்பு, இடது வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருக்கிறது என்றாள். அந்த ஊக்கை நான்தான் குத்தினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வாசலிலிருந்து அந்தச் செருப்பு காணாமல் போனபோது தெரு நாய் தூக்கிக்கொண்டு போயிற்று என்று நான் நாயைக் கல்லால் அடித்திருக்கிறேன்.

அப்படியானால் அவள் வாசல்படியில் இருந்திருக்கிறாள். நான் ஜோவினைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடும்போது பின்னால் ஓடி வந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு எழுந்து இரண்டு தட்டைக் கழுவி வைத்தபோது பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதையெல்லாம் நினைக்க ஆரம்பித்தவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கிடைக்கிறது, டிக்கெட் கிழிக்கிறவருக்குக் கிடைக்கிறது, இலை போடுகிறவருக்குக் கிடைக்கிறது, பெற்ற எனக்கு அந்த முகம் வேண்டும்.

அதே கூடத்தில்தான் அந்தக் கோயம்புத்தூர்த் தம்பதியைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய இருவர், அவர்களுக்குப் பின்னால் பத்து வயதுப் பையன் ஒருவன், சன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்து வாயால் ஊதிக்கொண்டிருந்தான், கூட வந்தவர்கள் ஏன் ஒரு சத்தம் போடாமல் இருக்கிறார்கள் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. காவல்காரப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியபோதுதான், அவனும் பெற்றவர்களுக்குத் தெரியாத பிள்ளை என்று விளங்கியது. அந்த அம்மாள் மெதுவாக என் பக்கம் வந்து, என்ன செய்கிறான் என்று கேட்டார். கண்ணாடியை எச்சில் பண்ணுகிறான் என்றேன், முட்டியில் சிராய்ப்பு இருக்கிறது, சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்றேன், அவர் ஒவ்வொன்றையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். உங்கள் மூக்கு அப்படியே இருக்கிறது என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்தேன், அவர்களுக்கும் கோயம்புத்தூரில் ஒரு வீடு, ஒரு சமையலறை, தண்ணீர் ஊற்றக் காத்திருக்கும் இரண்டு பூந்தொட்டியாவது இருக்கும் என்று நினைத்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். பையனிடம் மட்டும், தம்பி போதும், கண்ணாடியிலிருந்து வா என்றேன். வந்தான்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஐந்து வயதுக்காரிக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினோம், சிவப்பு, பட்டாம்பூச்சி ஒட்டியது. அளவு தெரியாமல் நாங்கள் விழித்தபோது கடைக்காரரே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டு பாப்பா என்று சொல்லி, காற்றில் கை வைத்து அளந்து, சரியாக எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல் மறுபடியும் மியூசியத்துக்குப் போனோம், மேல்மாடியில் இருக்கும் பெரிய பாய்மரக் கப்பல் பொம்மையை அவள் இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறாள் போலிருக்கிறது, படிக்கட்டையே பார்க்கிறாள் என்று மதலேன் அம்மா முதல் நாள் நாங்கள் வெளியேறும்போதே சொல்லியிருந்தார், அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. ரெண்டு முழு, ஒரு அரை. அவள் மாடிக்குப் போயிருப்பாள் என்று நாங்கள் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம், பல் முளைக்கிற ஈறுக்கு நல்லது என்று ரெமி ரொட்டியின் மொறுமொறுப்பான முனையை ஜோவின் கையில் கொடுத்தார், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு உடைந்து உள்ளே போயிற்று. சத்தம் வரவில்லை. முகம் சிவந்து, பிறகு நிறம் மாறியது. நான் பயந்து பயந்து ஒத்திகை பார்த்த நிமிஷம் வந்தபோது எனக்குக் கையே எழவில்லை, அமிர்தலிங்கம் அண்ணன்தான் ஓடி வந்து அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார், துண்டு வெளியே வந்து விழுந்தது, ஜோவின் ஊரைக் கூட்டி அழுதான். அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை. ஆட்டோவை நிறுத்தினேன், ஏறினோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம், அந்த டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறான், நீங்கள்தான் போய் ஏதாவது சாப்பிடுங்கள் என்றார்.

காசிம் பாய் கடைக்குப் போனோம். மணி நாலரை இருக்கும். அவர் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். சின்ன நாற்காலி வரவில்லை. நான் பின்கட்டைப் பார்த்தேன், அவரும் எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவ எங்கம்மா?" என்றார்.

பிள்ளையை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிற தாய்மார்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தலையைத் தொட்டு எண்ணுவார்கள். என் கை ஒன்றோடு நிற்கப் பழகியிருந்தது. ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னொன்றை மாடியில் விட்டுவிட்டு ஆட்டோ ஏறியிருந்தேன், அதுவும் கப்பல்காரர் வீட்டில், ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும் இடத்தில், எங்களுக்கு ஆறரை மணிக்குப் பஸ் இருக்கிற நாளில். தூத்துக்குடிக்கு அவளுக்கு வழி தெரியாது. இத்தனை வருஷமும் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் அவள், முதுகு போய்விட்டால் எந்தப் பக்கம் நடப்பாள்?

நாங்கள் ஓடிய தெருவெல்லாம் கேட்டோம். பச்சைக் கவுன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரொட்டிக்கடைக்காரர் பலகையைக் குனிந்து பார்த்து இல்லை என்றார், போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூட நடந்தார், சைக்கிள் கடைச் சேலத்துக்காரர் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை வரை பார்த்துவரப் போனார், எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்த மீசை அரும்பிய பையன் குதித்து அவருக்குப் பின்னால் ஓடியதை நானே பார்த்தேன், அப்பாவுக்கு அது தெரியவில்லை.

மியூசியத்தில் கீழே விளக்கணைத்துக்கொண்டிருந்தார்கள். அமிர்தலிங்கம் அண்ணன் படிக்கட்டின் நடுவில் நின்றார். மேலேதான் இருக்கிறது, கப்பல் பொம்மை வைத்த மேசைக்கு அடியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நானும் அரை மணி நேரமாகக் கெஞ்சுகிறேன், நகரமாட்டேன் என்கிறது என்றார். நான் படியேறப் போனேன். அவர் கையை விரித்துத் தடுத்தார். நீங்கள் போய் இல்லாத பக்கமாகப் பார்த்துக் கையை நீட்டினால் பிள்ளை இன்னும் பயந்துவிடும், இப்படி ஒன்றிரண்டு தடவை ஆகியிருக்கிறது, இங்கிருந்தே கூப்பிடுங்கள் என்றார்.

"பாப்பான்னு கூப்ட்டா வராது தாயி, ஊர்ல எல்லாப் புள்ளையும் பாப்பாதான். பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

மதலேன் அம்மா அதற்குள் டிக்கெட் கூண்டுக்குள் போய், நேரமாகிவிட்டது வெளியே வாருங்கள் என்று தினமும் சொல்கிற மைக்கை எடுத்து ஊதிப் பார்த்து, சன்னல் வழியாக எங்களைப் பார்த்தார். "என்ன பேரு?" என்றார்.

ஐந்து வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது. பங்குச் சாமியார் கேட்கவில்லை, உபதேசியார் கேட்கவில்லை, பெற்ற நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தில் இல்லாத பேரைச் சொல்லலாமா என்று ஒரு நொடி கான்வென்ட் பிள்ளையாகத் தயங்கினேன், பிறகு சொன்னேன். அதே நொடியில் ரெமியும் சொன்னார்.

"அனஸ்தாசியா."

"மீனு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி புனிதர்களின் பேரையெல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லி, உயிர்த்தெழுதல் என்று அர்த்தம் வருகிற ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், செபமாலையில் கடைசி மணிக்குப் பிறகு ஒரு மணி இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் பேரைச் சொல்வேன், உதடு அசையாமல். அவரிடம் சொன்னதில்லை. அவருக்கும் ஒன்று இருந்திருக்கிறது.

"எப்ப வெச்சீங்க?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தினமும் வேலைக்குப் போகயில ஸ்கூட்டர்ல முன்னால நிக்க வெச்சுத்தான் கூட்டிட்டுப் போவேன், ஜெசி. கேட் வரைக்கும் பேசிட்டே போவேன். இருக்காளா இல்லயான்னு தெரியாது. இருந்தா விழுந்துரக் கூடாதுல்லா. அதான் மெதுவா."

மதலேன் அம்மா அந்த இரண்டு பேர்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார், எழுத்துக்கூட்டி, அழகாக. அந்தப் பேர்களை மனுஷர் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு மைக்கைப் பிடித்து, பெரியவர்களை அழைக்கிற அதே குரலில், பார்வையாளர் அனஸ்தாசியா அவர்கள் கீழே வரவும், உங்கள் அம்மா காத்திருக்கிறார் என்றார். அந்தப் பேர் உத்திரத்தில் மோதி, கப்பல்காரரின் காலி அறைகளில் ஒவ்வொன்றாக நுழைந்து திரும்பியது.

மறுபடி மேலே ஏறிப் போயிருந்த அமிர்தலிங்கம் அண்ணனின் குரல் வந்தது. "திரும்பிப் பாத்துச்சு."

பார்வையாளர் மீனு அவர்கள் கீழே வரவும், அப்பா காத்திருக்கிறார்.

"எழுந்துடுச்சு. வருது, வருது, ஓடாதம்மா, படி வழுக்கும்."

வாசலில் ரொட்டிக்கடைக்காரர், போலீஸ்காரர், காசிம் பாய், இன்னும் யார் யாரோ நின்றிருந்தார்கள். எனக்குப் படிக்கட்டு மட்டும் தெரிந்தது. அதனால் நான் அவர்களைப் பார்த்தேன். அத்தனை பேருடைய கண்ணும் மாடிப்படியின் உச்சியில் இருந்தது, பிறகு ஒரு படி கீழே வந்தது, நின்றது, இன்னொரு படி வந்தது, வளைவில் திரும்பியது, கடைசிப் படியில் ஒரு குதி குதித்தது, முற்றத்தைத் தாண்டி நேராக என்னை நோக்கி வந்து என் இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்த உயரத்தில் நான் கையை நீட்டினேன். கையில் ஒன்றும் படவில்லை. ஆனால் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"புதுச் செருப்பு கைல இருக்குது" என்றார் மதலேன் அம்மா கூண்டிலிருந்து வெளியே வந்து. "கால்ல பழசுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார், பார்த்தார், அவருடைய முகம் இளகியது. "அம்மாடி, இந்தப் புள்ளையோட கண்ணு..."

"சொல்லாதீங்கம்மா" என்றேன்.

நான் அதைக் கேட்கத்தான் மூன்று நாளாக ஏங்கினேன், இனியும் ஏங்குவேன். ஆனால் வாசலில் சைக்கிளோடு மூச்சிரைக்க வந்து நின்ற சேலத்துக்காரர், பிள்ளை கிடைத்ததா என்று கூடக் கேட்காமல், என் மகன் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளை நான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஸ்கூட்டரில் அவளுக்கு இடம் இருக்கிறது. மதலேன் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பேர் எழுதிய தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் வரிசையைப் பார்த்து, கேட்காமலேயே ரெண்டு முழு, ஒரு அரை என்று கிழித்துக் கொடுத்தார், சன்னலோரத்தில் பிள்ளை கையை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். விழுப்புரத்தில் ரயில் ஏறினோம். டிக்கெட் பரிசோதகர் என்னைப் பார்த்தார், ரெமியைப் பார்த்தார், மடியிலிருந்த ஜோவினைப் பார்த்தார், பேனாவால் இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அந்த ஊர் முடிந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. இனி யாரும் நாற்காலி போடமாட்டார்கள், யாரும் காலர் வெள்ளை என்று சொல்லமாட்டார்கள்.

நானும் ரெமியும் இரண்டு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து நடுவில் இடம் விட்டிருந்தோம். ஜோவின் என் மடியில் புரண்டு, அந்த இடத்தைப் பார்த்து, ஈறு தெரிய அவனுடைய சிரிப்பைச் சிரித்தான். நான் உத்தரியத்தைத் தேடவில்லை. அவன் மூக்கடியில் விரல் வைக்கவில்லை. எவ்வளவு உயரத்தில் பார்க்கிறான் என்று மட்டும் பார்த்தேன்.

வீட்டில் இப்போது மூன்று தட்டு வைக்கிறேன், தெருவில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ரெமி ஸ்கூட்டரில் ஏறும்போது நானும் வாசலுக்கு வந்து, பிடித்துக்கொள் என்று சொல்லி அனுப்புகிறேன். ஜோவினுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, இன்னும் பேச்சு வரவில்லை, அவன் பார்க்கிற பக்கமாகக் கையைக் காட்டி நான் தினமும் சொல்லிக் கொடுக்கிறேன், அனஸ்தாசியா, அ-னஸ்-தா-சி-யா, அவன் உதட்டைக் குவித்து, ம், ம் என்று எதற்கோ எத்தனம் செய்கிறான், ரெமி செய்தித்தாளுக்குப் பின்னால் சத்தம் வராமல் சிரிக்கிறார். மீ என்றுதான் வரும், எனக்கே தெரிகிறது. வரட்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.